பாட்டுக்குப் பொருள் சொல்லக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

பழைய திரைப்பாட்டுக்கு விளக்கம் சொல்ல வரும் இளையவர்கள் எடுத்த எடுப்பிலேயே தத்துவத்துக்குத் தாவிவிடுகிறார்கள். வாழ்க்கை நிலையாமை, ஆன்மா, பரமாத்மா என்று போகிறது பேச்சு. பாட்டு எந்தப் படம், யார் பாடுகிறார்கள் என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஆழம் இருக்கட்டும், முதலில் மேலே கிடப்பதைப் பாருங்கள். அதற்கான வழிகளைத்தான் சொல்கிறேன்.

1. எழுதியவர் யார் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கொஞ்சம் கருத்தாக இருந்தால் கண்ணதாசன், ஏழை எளியவர் வந்தால் பட்டுக்கோட்டை என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். 'படகோட்டி' (1964) பாடல்கள் எல்லாமே வாலி எழுதியவை. அவற்றைக் கண்ணதாசன் தலையில் கட்டி, அவர் வாழ்க்கையிலிருந்து விளக்கம் எடுத்துப் பேசுவதை இன்றும் கேட்கலாம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959லேயே, முப்பது வயது நிறையுமுன் போய்விட்டார். தேதியைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

2. யார் வாயில் பாட்டு வருகிறது என்று பாருங்கள். இதைவிட முக்கியமாக நான் சொல்ல ஒன்றுமில்லை. 'கர்ணன்' (1964) படத்தில், போர்க்களத்தில் கர்ணன் சாய்ந்து கிடக்கும்போது சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஒரு பாட்டு வரும். வானொலியில் கேட்டால் அது ஒரு நல்ல மனிதனுக்கான இரங்கற்பா. சாவு வீட்டில் போட்டாலும் பொருந்தும். படத்தில் அதைப் பாடுகிறவன் கண்ணன். தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்த வேளையில் அம்பு விடச் சொன்னவன் அவன். உயிர் பிரியாமல் காத்து நிற்கும் புண்ணியத்தையும் வேதியர் வேடத்தில் தானமாக வாங்கிக்கொள்கிறவனும் அவனே. அந்தப் பாட்டுக்குள் கண்ணனைச் சூதுக்காரன் என்று ஏசும் இடம் ஒன்று வருகிறது. செய்தவனே தன்மேல் பழியைப் படிக்கிறான்! எல்லாம் விதி என்று ஆறுதலும் சொல்கிறான், அந்த விதியை வகுத்தவனும் அவனாக இருக்கும்போது. கண்ணதாசன் இதற்காகக் கடினமான சொல் ஒன்றைக்கூடப் போடவில்லை. ஆளை மட்டும் சரியான இடத்தில் நிறுத்தினார். சொல்லைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தால் இது அகப்படாது. படத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் விளங்கும்.

3. மெட்டு முதலில் பிறந்ததா, வரி முதலில் பிறந்ததா? இசையமைப்பாளர் தத்தகாரமாகச் சந்தத்தைச் சொல்ல, கவிஞர் அதில் சொல்லை உட்காரவைத்த பாட்டுகள் ஏராளம். அங்கே நெடில் வந்தால் மெட்டு நீண்டது என்றுதான் பல நேரம் அர்த்தம். 'அவன்தான் மனிதன்' (1975) படத்தில் வரிக்கு வரி 'மே' என்று முடியும் கண்ணதாசன் பாட்டு ஒன்று உண்டு. படப்பிடிப்பு மே மாதம், மே மாதம் என்று நச்சரித்ததால் வந்த விளையாட்டு என்று ஒரு கதை உலவுகிறது. கதை உண்மையோ பொய்யோ, அந்த 'மே'யில் வேதாந்தம் தேட வேண்டாம். அதைவிடப் பல்லவியைக் கவனியுங்கள். ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் அதே வரி திரும்புகிறது, ஆனால் அதே பொருளில் திரும்புவதில்லை.

4. பழைய இலக்கியத்தின் எதிரொலி கேட்டால் மகிழுங்கள், ஆனால் அளந்து பேசுங்கள். புறநானூறு 112 பாரி மகளிர் பாடியது. போன மாத நிலவில் தந்தையும் இருந்தார், மலையும் இருந்தது, இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை என்ற புலம்பல். 'நாடோடி' (1966) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய நிலாப் பாட்டில் அந்த அமைப்பு காதலுக்கு மாறி வருகிறது. 'இருவர்' (1997) படத்தில் வைரமுத்து அந்தச் சங்கச் சொற்களையே எடுத்துக் காதல் பாட்டில் பதித்தார். இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் சேர்த்துப் பார்க்கும் மனம் அப்படியே வந்திருக்கிறது. பின்னதில் சொல்லின் மணம் வந்தது, துயரம் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் காதலர் இருவரும் பாரியை நினைத்து உருகுகிறார்கள் என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுங்கள்.

5. அரசியல் உட்பொருள் உண்டா என்றால், உண்டு. 'அன்பே வா' (1966) படத்துக்கு வாலி 'உதயசூரியன்' என்று எழுதினார். தி.மு.க.வின் சின்னம் என்று தணிக்கையில் மறுக்க, முன்னொட்டு மாறியது. சூரியன் தங்கிவிட்டது, கொட்டகையில் இருந்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது. 'பட்டணத்தில் பூதம்' (1967) பாட்டில் தாயின் பெயரால் குறிக்கப்படும் மகன் முருகனா, காமராஜரா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி, பாட்டை எழுதிய கண்ணதாசன் அப்போது காங்கிரஸ்காரர். இப்படி வெளியே சான்று நிற்கும் இடத்தில் தாராளமாகச் சொல்லலாம். சான்று இல்லையென்றால் அது உங்கள் ஆசை.

6. பின்னால் நடந்ததை முன்னால் ஏற்றாதீர்கள். 'மூன்றாம் பிறை' (1982) தாலாட்டு கண்ணதாசன் எழுதிய கடைசிப் பாட்டு. 1981 அக்டோபரில் அவர் மறைந்தபின் படம் வந்தது. உடனே அது அவர் உலகுக்குச் சொன்ன விடை என்று ஆகிவிட்டது. கதையில் அது, நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணுக்கு ஒருவன் பாடுவது. நினைவு திரும்பிய பிறகு அவள் அவனை அடையாளம் காணமாட்டாள். இந்தச் சோகம் போதாதா? கவிஞரின் மரணம் வேறு எதற்கு?

7. வெறும் ஆட்டப் பாட்டு என்றால் ஆடுங்கள். விளக்கம் கேட்காது.

8. கூட்டத்தில் பேசக் கூப்பிட்டால், முதலில் பாட்டை முழுதாக ஓடவிடுங்கள். நடுவில் நிறுத்தி விளக்க வேண்டாம், நாலைந்து நிமிடம்தானே. நீங்கள் வாய் திறக்குமுன்பே பாதிப் பேருக்குப் பாட்டு புரிந்திருக்கும். மிச்சப் பேருக்குப் பேசுங்கள்.