ஆயிலை முன்கூட்டியே மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: சென்ற ஆண்டு டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். புது எஞ்சினில் உலோகத் துகள் உராய்ந்து ஆயிலில் கலக்கும், அதனால் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுவது நல்லது என்று பலரும் சொன்னார்கள். முதல் இலவச சர்வீஸில் கேட்டேன். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு ஆனால்தான் மாற்றுவோம் என்று மறுத்துவிட்டார்கள். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலையே வாங்கி, 3,000 கிலோமீட்டரில் வெளி மெக்கானிக்கிடம் ஃபில்டரோடு மாற்றினேன். பில் இருக்கிறது. 9,000 கிலோமீட்டரில் டர்போ விசில் அடிக்கத் தொடங்கியது, நீலப்புகையும் வருகிறது. 'வெளியே ஆயில் மாற்றியதால் வாரண்டி ரத்து' என்கிறது சர்வீஸ் சென்டர். டர்போ மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் செலவாகுமாம். எனக்குச் சட்டத்தில் வழி உண்டா?
- வாசகர், கோவை

பதில்: வழி உண்டு. வெளியே ஆயில் மாற்றினீர்கள் என்பது மட்டும் வாரண்டியை மறுக்கப் போதுமான காரணம் ஆகாது. அந்த ஆயிலோ, ஃபில்டரோ, மெக்கானிக்கின் வேலையோதான் டர்போவைக் கெடுத்தது என்று நிறுவனம் காட்டினால்தான் மறுப்பு நிற்கும். கையேட்டில் உள்ள 10,000 கிலோமீட்டர் என்பது அதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்ற வரம்பு. அதைத் தாண்டி ஓட்டியவர் பராமரிப்பு நிபந்தனையை மீறியவர். வரம்புக்குள்ளேயே, சொந்தச் செலவில் ஒருமுறை கூடுதலாக மாற்றியவரை அவரோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. இந்த வேறுபாட்டின் மேல்தான் உங்கள் வழக்கு நிற்கிறது.

டர்போ எப்படி வேலை செய்கிறது என்பதும் உங்களுக்குச் சாதகமானதே. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. பேரிங்குகளைக் காப்பது மெல்லிய ஆயில் படலம். ஒரு பக்கம் எஞ்சினிலிருந்து வரும் கொதிக்கும் புகை தாக்குவதால், ஆயில் சூட்டில் கருகிப் படிவதும் குழாய் அடைவதும் டர்போவுக்கு நேரும் வழக்கமான கேடுகள். புது எஞ்சினின் தொடக்க ஓட்டத்தில் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பழகும்போது தேய்மானத் துகள்கள் அதிகமாக உதிரும். பெரும்பாலானவற்றை ஃபில்டர் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் இன்றைய நிறுவனங்கள் நீண்ட இடைவெளியை நிர்ணயிக்கின்றன. அந்தக் கணக்கு தவறு என்று நான் வாதிடவில்லை. ஆனால் சரியான கிரேடு ஆயிலைச் சரியான அளவில் புதிதாக ஊற்றியது எப்படி பேரிங்கைக் கெடுத்திருக்கும் என்று விளக்க வேண்டிய பொறுப்பு மறுப்பவருக்கே உண்டு. 'வெளியே மாற்றினீர்கள்' என்ற ஒற்றை வாக்கியம் விளக்கம் ஆகாது.

இதற்கு இந்தியாவிலேயே வலுவான முன்மாதிரி இருக்கிறது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் தொடுத்த வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் தொழிலையும் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட வலைக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை விதிக்கக் கூடாது, வெளியே நடந்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. அபராதக் கணக்கு பிறகு மேல்முறையீட்டில் மாறியது. நுகர்வோர் ஆணையம் போட்டி ஆணையத்தின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டதும் அல்ல. ஆனாலும் ஒரு தேசிய ஒழுங்குமுறை அமைப்பு ஆராய்ந்து வகுத்த இந்த அளவுகோலை உங்கள் மனுவில் தாராளமாக முன்வைக்கலாம்.

வாரண்டி ஓர் ஒப்பந்தம், வெளியே சர்வீஸ் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்றுத்தானே கார் வாங்கினார் என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஒப்பந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அச்சிட்ட நிபந்தனையில் ஒரு வரியைக்கூட மாற்றும் வாய்ப்பு வாங்குபவருக்கு இல்லை என்பதைச் சட்டம் அறியும். ஒரு சேவையைப் பெற வேண்டுமானால் இன்னொன்றையும் எங்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டிப்போடுவதை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(41) பிரிவில் கட்டுப்படுத்தும் வணிக முறை என்கிறது. தருவதாக ஏற்ற சேவையைத் தராமல் விடுவது 2(11) பிரிவின்படி சேவைக் குறைபாடு. ஒரு எச்சரிக்கை: நியாயமற்ற ஒப்பந்தம் என்ற அடிப்படையில் நிபந்தனையையே செல்லாததாக்கக் கோரும் புகாரை மாநில ஆணையமோ தேசிய ஆணையமோதான் விசாரிக்க முடியும். மாவட்ட ஆணையத்துக்குப் போவதானால் சேவைக் குறைபாடு, கட்டுப்படுத்தும் வணிக முறை என்ற இரண்டின் மேல் மட்டும் மனுவை அமையுங்கள்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. ஆலையில் ஊற்றிய முதல் ஆயிலில் புது எஞ்சினுக்கென்றே சில சேர்மானங்கள் உண்டு, அதை முன்கூட்டி வடிக்க வேண்டாம் என்று சில நிறுவனங்கள் கையேட்டிலேயே அறிவுறுத்துகின்றன. உங்கள் கையேட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் நிலை சற்றுத் தளரும். அப்போதும், அந்த ஆயிலை வடித்ததால்தான் டர்போ பழுதானது என்ற தொடர்பைத் தொழில்நுட்பச் சான்றோடு அவர்கள் காட்டியாக வேண்டும். ஒரு விலக்கைச் சொல்லிப் பொறுப்பிலிருந்து விடுபட நினைப்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது பழகிய சட்டக் கோட்பாடு. அதே அளவுகோல் உங்களுக்கும் பொருந்தும். கிரேடு தவறியிருந்தாலோ, ஆயில் அளவு கூடிக் குறைந்திருந்தாலோ, பொருந்தாத ஃபில்டர் போட்டிருந்தாலோ நிறுவனத்தின் மறுப்பு நியாயமாகிவிடும். அப்போது இழப்பீடு கேட்க வேண்டிய இடம் அந்த மெக்கானிக்கின் கடை.

ஆகவே சான்றுகளைக் காப்பதே இப்போது உங்கள் முதல் வேலை. ஆயில், ஃபில்டர் பில்களையும், அவற்றில் உள்ள கிரேடு, ஏபிஐ தர எண், பாக எண் ஆகியவற்றையும் கையேட்டோடு ஒப்பிட்டு வையுங்கள். எரிபொருளை நேரடியாக உட்செலுத்தும் டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த வேகத்தில் நேரும் முன்பற்றுதலைத் தடுக்கவே 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் தரம் வந்தது என்பதால், பாகுநிலை எண் மட்டும் பொருந்தினால் போதாது, தர எண்ணும் பொருந்த வேண்டும். ஜாப் கார்டின் நகலும், மறுப்புக்கான காரணமும் எழுத்தில் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தேவையான தகவலை வேண்டுமென்றே தராமல் மறைப்பதும் சட்டப்படி சேவைக் குறைபாடே. நீங்கள் இல்லாமல் டர்போவைப் பிரிக்கக் கூடாது, கழற்றிய பாகங்களை அப்புறப்படுத்தக் கூடாது என்றும் எழுதுங்கள். இப்போது எஞ்சினில் உள்ள ஆயிலில் ஒரு மாதிரியை முத்திரையிட்டு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பாகுநிலை, தேய்மான உலோகம், பெட்ரோல் கலப்பு ஆகியவற்றைச் சோதிக்கச் செய்யுங்கள். குறையைச் சோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாத நிலையில் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பவும் 38-ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

அடுத்து, விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் பழியைத் தள்ளுவார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தால் சில வேளைகளில் அங்கேயே பேசித் தீரும். தீராவிட்டால், நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தொடுக்கலாம். நீங்கள் வசிக்கும் ஊரே போதும், நிறுவனத்தின் தலைமையகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. விலை 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் 400 ரூபாய். வாரண்டி மறுக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

என்ன கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். புது கார் கொடு என்று கேட்காதீர்கள். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் (2006), வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதைச் சொல்லும்போது காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டர்போவை இலவசமாக மாற்றித் தரவும், கார் நின்ற நாட்களின் போக்குவரத்துச் செலவும், மன உளைச்சலுக்கு நியாயமான இழப்பீடும், வழக்குச் செலவும் கேளுங்கள். அளவோடு கேட்பவரின் மனுவுக்கு ஆணையத்தில் மதிப்பு அதிகம்.

புது கார் வாங்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஆயிலை முன்கூட்டி மாற்ற விரும்பினால், சர்வீஸ் சென்டரிலேயே பணம் கட்டி மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு வெளியே மாற்றினாலும், கையேட்டின் தரத்துக்கு இம்மி பிசகாத ஆயிலோடும் முறையான பில்லோடும் மாற்றுங்கள்.