எண்ணும் கைகள்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு பகுதிகளாகக் காண்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து துணைபுரிபவர் என்பன அந்நான்கு. நான்காமவரை இன்று நாம் செவிலியர் என்கிறோம். அவருடைய பணியின் அருமையை அறுவை அரங்கில் தெளிவாகக் காணலாம்.

மாணவர்களே! ஓர் அறுவை அரங்கை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அறுவை முடியும் நேரம். மருத்துவர் நோயாளியின் வயிற்றைத் தைக்கத் தொடங்குகிறார். குருதியை ஒற்றியெடுத்த துணிகளைச் செவிலியர் எண்ணுகிறார். தொடக்கத்தில் எண்ணிவைத்தவை இருபது. இப்போது இருப்பவை பத்தொன்பது.

"டாக்டர், ஒரு துணி குறைகிறது. சற்றுப் பொறுங்கள்" என்கிறார்.

மருத்துவர் வயதில் மூத்தவர்; புகழ் பெற்றவர். ஆயினும் அவர் கை உடனே நிற்கிறது. தேடியபோது அத்துணி உடலினுள் மறைந்திருப்பது தெரிகிறது. அது உள்ளேயே தங்கியிருந்தால் நோயாளியின் உயிருக்கே ஊறு நேர்ந்திருக்கலாம்.

ஒருவருடைய துணிவை மட்டும் நம்பியிருத்தல் போதாது அல்லவா? எனவே, உலகச் சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டு 19 குறிப்புகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கமருந்து கொடுக்கும் முன்னும், தோலைக் கீறும் முன்னும், நோயாளி அரங்கைவிட்டு நீங்கும் முன்னும் குழுவினர் அதனை வாய்விட்டுக் கூறிச் சரிபார்க்க வேண்டும். கருவிகள், துணிகள், ஊசிகள் ஆகியவற்றின் கணக்கைச் செவிலியர் உரக்கக் கூறி உறுதி செய்வதும் அவற்றுள் ஒன்று. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைச் சோதித்துப் பார்த்தனர். அறுவைக்குப் பின் இறந்தோர் விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது.

ஆனால், அறுவை அரங்கே இல்லாத ஊரில் பட்டியலால் என்ன பயன்? உலகில் ஏறத்தாழ 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பானதும் செலவு தாங்கக்கூடியதுமான அறுவை மருத்துவம் எட்டவில்லை என்று 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் அறிவித்தது. மகப்பேற்று அறுவை, வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, தோலைக் கிழித்த எலும்பு முறிவுக்கான மருத்துவம் ஆகிய மூன்றையும் செய்யவல்ல மருத்துவமனையை மக்கள் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றடைய வேண்டும் என்பது அவ்வாணையத்தின் இலக்கு.

அக்குறையை நீக்கும் வழிகளை ஆராயும் துறையே உலகளாவிய அறுவை நலம் ஆகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இதற்கென முதுநிலைப் பட்டப் படிப்பு உண்டு. பாடங்கள் இணையவழி நடைபெறுவதால், பணிபுரியும் செவிலியரும் தம் பணியை விடாமல் பயில இயலும். இத்துறையில் சேரும் செவிலியர் பயில்வது கத்தி பிடிக்கும் கலை அன்று. மின்சாரம், குருதி, ஆக்சிஜன், தூய்மையாக்கிய கருவிகள், பயிற்சி பெற்ற பணியாளர் ஆகிய அனைத்தையும் ஒரு சிற்றூரில் ஒருசேரக் கிடைக்கச் செய்வது எவ்வாறு என்பதே அவர் முன் நிற்கும் வினா. இவற்றுள் ஒன்று இல்லையெனினும் அறுவை நடைபெறாது.

குறைவதைக் கண்டறிதல் செவிலியருக்குப் பழகிய பணியே. துணிகளை எண்ணி, "ஒன்று குறைகிறது" என்று சொன்னவர், இனி ஊர்களை எண்ணி, "இங்கே அரங்கு இல்லை" என்று சொல்லக் கற்கிறார்.

சொற்பொருள்

ஊறு – தீங்கு
குருதி – இரத்தம்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
ஒருசேர – ஒரே நேரத்தில்

பயிற்சி

அ. விடை எழுதுக.

1. மருத்துவத்தின் நான்கு பகுதிகளாகத் திருவள்ளுவர் கூறுவன யாவை?
2. மருத்துவர் தைப்பதை ஏன் நிறுத்தினார்?
3. சரிபார்ப்புப் பட்டியலை எந்த மூன்று வேளைகளில் கூற வேண்டும்?

ஆ. பிரித்து எழுதுக.

அந்நான்கு, இப்பட்டியல், அக்குறை

இ. சிந்தித்து எழுதுக.

மூத்தவர் ஒருவரிடம் தவற்றைப் பணிவோடு சுட்டிக்காட்ட வேண்டிய நிலை உங்களுக்கு ஏற்பட்டது உண்டா? ஐந்து தொடர்களில் எழுதுக.