மொபைலில் செய்திப் படம் எடுக்க 10 குறிப்புகள்

இதழியல் மாணவருக்கும் ஊர்ச் செய்தி அனுப்பும் நிருபருக்கும் இன்று பையில் இருக்கும் மொபைலே கேமரா. ஆனால் நல்ல மொபைல் இருந்தால் மட்டும் நல்ல கதை வந்துவிடாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதைப் பற்றி இரண்டு நிமிடப் படம் எடுக்கச் சென்னை காசிமேட்டுக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. கிளம்பும் முன் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'தடைக்காலம்' வெறும் தலைப்புதான். 'படகு கரையில் நிற்கும் நாட்களில் வலை சீர்செய்து குடும்பத்தை ஓட்டும் ஒரு மீனவர்' என்று எழுதினால், எதை எடுப்பது, எதை விடுவது என்பது தெளிவாகிவிடும்.

2. முந்தின இரவே சார்ஜ் போட்டு, மெமரியில் இடம் ஒதுக்குங்கள். பதிவின் நடுவே அழைப்பு வராமலிருக்க ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கடற்கரையில் உப்புக்காற்று லென்ஸில் படியும். மெல்லிய பருத்தித் துணியால் அவ்வப்போது துடையுங்கள்.

3. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட் வெளிச்சத்தில் 30 ஃப்ரேமில் எடுத்தால் சில நேரம் படம் மினுக்கும். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என வைத்தால் மினுக்கல் அடங்கும். மொபைலிலேயே இந்த வசதி இல்லையென்றால், பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலியை முயன்று பாருங்கள்.

4. ஒவ்வொரு ஷாட்டையும் 10 விநாடி அசையாமல் எடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, படகிலோ சுவரிலோ சாய்ந்து நில்லுங்கள். ஜூம் வேண்டாம், நடந்து அருகே போங்கள்.

5. ஒரு வேலையை ஐந்து ஷாட்டுகளாக எடுங்கள். மீனவர் வலை சீர்செய்வதை எடுப்பதானால்: ஊசி கண்ணிக்குள் நுழைந்து முடிச்சு இறுகும் கைகள், குனிந்த முகம், அவரும் வலையும் துறைமுகமும் தெரியும் லாங் ஷாட், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பது, வலைக் கண்ணி வழியே தெரிவது போல வேறொரு கோணம். பேட்டியில் வெட்டிய இடங்களை மூட இவை கைகொடுக்கும்.

6. ஒலிதான் உயிர். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் அடுத்ததற்குத் தள்ளிவிடுவார். காலர் மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்தி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். மைக் இல்லையா? இன்னொரு மொபைலை ஒலிப்பதிவில் போட்டுப் பேசுபவர் சட்டைப் பையில் வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் எடிட்டிங்கில் ஒலியையும் படத்தையும் பொருத்தலாம். காற்றடித்தால் படகின் மறைவில் நிற்க வையுங்கள். வீட்டுக்குள் ஃபேனை நிறுத்துங்கள். கடைசியில் யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை 30 விநாடி தனியே பதிவு செய்யுங்கள்.

7. பேட்டியில் லென்ஸ் பேசுபவர் கண் உயரத்தில் இருக்கட்டும். முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்தி, திரையில் அவர் முகத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள். "கஷ்டமா இருக்கா?" என்றால் "ஆமா" என்பதோடு முடியும். "நேத்து அடுப்பு எரிய என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். நடுவே "ம்" போடாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். பதில் முடிந்ததும் சில விநாடி பொறுத்திருந்தால், பல நேரம் மனதிலிருப்பது அப்போதுதான் வெளியே வரும்.

8. எடிட்டிங்கில் வலுவான ஷாட்டை முதலில் வையுங்கள். கண்ணுக்குத் தெரிவதை வாய்ஸ் ஓவரில் திரும்பச் சொல்லாதீர்கள். ஒலியை அணைத்துப் பார்ப்பவர்கள் பலர். அதனால் பேச்சுக்குத் திரையில் எழுத்து கட்டாயம் வேண்டும்.

9. எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே வெளியாகும் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கிறது. முகத்தை மங்கலாக்கினால் மட்டும் போதாது. வீட்டு வாசல், பள்ளிச் சீருடை, பெற்றோர் முகம், குரல் எல்லாமே காட்டிக்கொடுக்கும்.

10. வெட்டாத ஒரிஜினலை இரண்டு இடங்களில் சேமியுங்கள். மொபைல் படம் பின்னாளில் ஆதாரமாகலாம். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் போலீஸ் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃப்ளாய்டின் கடைசி நிமிடங்களை 17 வயது டார்னெல்லா ஃப்ரேசியர் மொபைலில் எடுத்தார். காவல்துறையின் முதல் அறிக்கை அதை மருத்துவச் சம்பவம் என்றது. அவருடைய படம் உண்மையைக் காட்டி, நீதிமன்றத்தில் சாட்சியானது. 2021இல் புலிட்சர் பரிசுக் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையாமலிருக்க 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். தேதி, இடம் சேர்த்து ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். செய்தி வெளியான பிறகும் அழிக்காதீர்கள்.