தடை மென்பொருளில் இல்லை

நிலத்தோற்றத்தைக் கணினியில் ஆராய விலை உயர்ந்த மென்பொருளும் நிரல் எழுதும் திறனும் வேண்டும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். இரண்டும் தேவையில்லை. 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் இலவசமாகக் கிடைக்கிறது. சரிவு, சமவுயரக்கோடு, ஓரிடத்தில் நின்றால் கண்ணுக்கு எட்டும் பரப்பு என எல்லாவற்றையும் ஒரு வரி நிரல்கூட எழுதாமல் கணக்கிடலாம். இலவசம் என்றால் தரம் குறைவு என்ற வாதமும் நிற்காது. அதனுள்ளிருந்தே இயக்கக்கூடிய கிராஸ் என்ற மென்பொருள், 1980களில் அமெரிக்க இராணுவத்தின் பொறியியல் ஆய்வுகூடத்தில் உருவானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையிலேயே பிறந்த சகானா என்ற திறந்த மூல மென்பொருள், பிற நாடுகளின் பேரிடர்களிலும் கைகொடுத்தது.

தொடங்குபவரை உண்மையில் வழுக்கி விடுவது வேறொரு நம்பிக்கை: தரவைத் திறந்தால் போதும், படம் சரியாகத்தான் வரும் என்பது. இலங்கையில் இரண்டு ஆள்கூற்று வலையங்கள் புழக்கத்தில் உள்ளன. பிதுருதலாகலையைச் சார்ந்த தொடக்கப் புள்ளிக்குப் பழைய கண்டவளை வலையம் 200,000 மீட்டர் என்று எண் இடுகிறது. 1999ஆம் ஆண்டு வலையம் 500,000 என்கிறது. திருகோணமலையிலுள்ள கோணேசர் மலையின் கிழக்கு எண் பழையதில் ஏறத்தாழ 252,000, புதியதில் 552,000. பழைய எண்களைப் புதிய வலையத்தில் இட்டால், மலை கொழும்புக்குத் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் போய் நிற்கும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். ஆனால் கண்டவளையின் அகலாங்கு நெடுங்கோட்டை ஜிபிஎஸ் அளவாகவே எடுத்துக்கொண்டால் விலகல் இருநூறு மீட்டர் அளவில்தான் இருக்கும். அது கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் அதுவே ஆபத்தானது.

உயரத் தரவிலும் இதே கதைதான். பலரும் முதலில் பதிவிறக்குவது எஸ்ஆர்டிஎம். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்களில் ரேடாரால் அளந்தது அது. அதன் கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மீட்டர். உயரம் முழு மீட்டர்களில் மட்டும். அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் அந்த ரேடார் தரையை அல்ல, பெரும்பாலும் இலைப்பரப்பையே அளக்கிறது. ஆகவே மகாவலி கடலில் சேரும் மூதூர்ப் பக்கத்துக் கண்டல் காடு, படத்தில் மேட்டுநிலம் போலத் தெரியலாம். அந்தத் தாழ்நிலத்தில் 2 மீட்டர் வெள்ளக்கோடு வரைந்து, எந்த வீடு தப்பும் என்று தீர்மானிப்பதை ஏற்க முடியாது. அருகிலுள்ள கொட்டியாரக் குடாவோ வெறும் சமதளமாக வரும். திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஆழத்தைத் தந்த கடலடிப் பள்ளத்தாக்கின் சுவடுகூட அதில் இராது, ஏனென்றால் ரேடார் நீரின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் இலவசத் தரவால் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வியைப் பொறுத்தது. துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகளின் சரிவை ஒப்பிடவும், கோணேசர் மலையிலிருந்து தெரியும் பரப்பை மதிப்பிடவும் அது போதும். 1972 முதல் சேர்ந்து வரும் லாண்ட்சாட் படங்களில் கரையோரத்தின் பெரிய மாற்றங்களைத் தேடலாம். வெள்ளக்கோட்டுக்கு மட்டும் தரையில் மட்டம் பிடித்த அளவு வேண்டும். விலை கொடுத்த மென்பொருளில் அதே தரவைத் திறந்தாலும் இந்தத் தேவை மாறாது.