குளிர்ந்த காற்றும் கொதிகலன் ஃபேனும்



ஒரு ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்று கேட்டால் உடனே கன அளவைச் சொல்லிவிடுகிறோம். அந்தக் காற்று எவ்வளவு சூடு என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்காததால் எங்கள் வீட்டில் ஒரு மாசச் சம்பளம் போனது.

என் அப்பா ஒரு சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடுபவர். காலையில் புகை இழுக்கும் ஐ.டி. ஃபேனைப் போடும்போது டேம்பரை மூடி வைத்துத்தான் ஸ்விட்சைப் போடுவார். நான் பத்தாவது படித்தபோது ஒரு நாள் அவர் லீவு. வேறொருவர் டேம்பரை முழுசாகத் திறந்துவிட்டு ஓட்டினார். ரிலே ட்ரிப் ஆக ஆக, அதன் செட்டிங்கை ஏற்றிவிட்டார். மோட்டார் காயில் கருகிவிட்டது. "நீ ஒழுங்கா கிரீஸ் வைக்கல" என்று பழி அப்பா மேல் விழுந்தது. "குளுந்த காத்து கனமுங்க" என்று மட்டும் சொன்னாராம். யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது பாடத்துக்கு வருவோம். ஒரே வேகத்தில், ஒரே டேம்பர் நிலையில் சுற்றும் ஃபேன் தள்ளும் கன அளவு, காற்றின் சூட்டால் மாறுவதில்லை. மாறுவது எடை. ஒரு படி அரிசியும் ஒரு படி உமியும் அளவில் ஒன்று, தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அது போலத்தான். கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை:

30 டிகிரி செல்சியஸில் 1.16 கிலோ
150 டிகிரியில் 0.83 கிலோ

ஃபேன் உண்டாக்கும் அழுத்தமும், அதற்குத் தேவையான திறனும் இந்த அடர்த்திக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அடர்த்தியோ கெல்வின் வெப்பநிலைக்கு எதிர் விகிதம். புகையையும் காற்றாகவே வைத்துக் கணக்குப் போடுவோம். 150 டிகிரி என்பது 423 கெல்வின், 30 டிகிரி என்பது 303 கெல்வின். 423-ஐ 303-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4.

அதாவது சூடான புகையில் 10 ஹெச்.பி. வாங்கும் ஃபேன், பாய்லர் சூடேறாத காலையில் 14 ஹெச்.பி. கேட்கும். மாட்டியிருப்பது 12.5 ஹெச்.பி. மோட்டார் என்றால் ஓவர்லோடுதான்! டேம்பரை மூடினால் சென்ட்ரிஃபியூகல் ஃபேனில் காற்றோட்டம் குறையும், லோடும் குறையும். புகை சூடேற ஏற, ஆம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திறக்கலாம். (ஆக்சியல் ஃபேனுக்கு இது பொருந்தாது. மூடினால் அதில் லோடு கூடலாம்.)

ஆகவே நண்பர்களே, ஃபேன் தேர்வு செய்யும்போது எந்தச் சூட்டுக்கான அழுத்தம், எந்தச் சூட்டுக்கான ஹெச்.பி. என்று கட்டாயம் கேளுங்கள். ரிலே ட்ரிப் ஆனால் காரணத்தைத் தேடுங்கள், செட்டிங்கைத் தொடாதீர்கள்.

இந்தக் கணக்கைப் படித்த அன்று நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். 1.4-ஐ விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதத்தான் கண்ணு அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.