பேலை இறுக்குவது யார்?

ஆடித்தபசு பார்க்கச் சங்கரன்கோவிலுக்குச் சென்றிருக்கிறீர்களா? அப்படியானால் கடைத்தெருவில் குவிந்திருக்கும் காலி அட்டைப்பெட்டிகளையும் பார்த்திருப்பீர்கள். இவை பழைய பேப்பர் கடை வழியாகக் காகித ஆலைக்குப் போய் மீண்டும் அட்டையாகின்றன. அப்படியே லாரியில் ஏற்றினால் பாதி வாடகை காற்றுக்கே போய்விடும்! அதனால்தான், பஞ்சை 170 கிலோ பேலாகக் கட்டுவதுபோல, அட்டையையும் அழுத்திக் கட்டுகிறார்கள்.

அழுத்துவது நீரியல் அழுத்தி. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற அதே தத்துவம்தான். ஆனால் கட்டுவது பெரும்பாலும் மனிதக் கைதான். அழுத்தும் தட்டு கீழே இருக்கும்போதே, அதிலுள்ள காடிகளின் வழியே நாடாவையோ கம்பியையோ செலுத்தி முடிச்சுப் போடுகிறார்கள். இயந்திரம் அழுத்தியதை வெறும் கை எப்படி இறுக்கிக் கட்டுகிறது?

கை இறுக்குவதே இல்லை! தொய்வின்றிக் கட்டுகிறது, அவ்வளவே. நசுங்கிய அட்டைக்கு ஓரளவு மீள்தன்மை உண்டு. தட்டை மேலே தூக்கியதும் அட்டை விரியப் பார்க்கும். அந்த விரிவே நாடாவை இழுத்து விறைப்பாக்குகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பேல் மேல்நோக்கி உந்தும் விசை 6,000 நியூட்டன் என்று கொள்க. நாடாக்கள் நான்கு. ஒவ்வொரு நாடாவும் சுற்றி வருவதால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கால்கள், மொத்தம் எட்டு. ஒரு காலின் பங்கு 750 நியூட்டன். இது சுமார் 75 கிலோ எடையைத் தொங்கவிட்டது போல!

ஒரு நாடா அறுந்தால்? உந்துவிசை அதிகம் குறையாவிட்டால், மீதி ஆறு கால்களும் ஆளுக்கு 1,000 நியூட்டன் தாங்கவேண்டும். அடுத்ததும் அறுந்துவிடலாம். முடிச்சில் நாடா சுருக்கென வளைவதால் அங்கே பலமும் குறைவு. ஆகவேதான் தட்டை மெதுவாகத் தூக்கவேண்டும். பேலுக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணியவேண்டும். அறுந்த கம்பி கண்ணைக் குறி பார்த்து வருவதில்லை. ஆனால் கண்ணில் படலாம்.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு பஞ்சுத்துண்டை இரண்டு அட்டைகளுக்கு இடையே வைத்து அழுத்தச் சொல்லி, இரண்டு தையல் நூல்களால் கட்டுங்கள். அழுத்தியவர் கையை எடுத்ததும் நூலை விரலால் சுண்டுங்கள். விறைப்பு தெரிகிறதா? இப்போது ஒரு நூலை வெட்டுங்கள். மற்றது என்ன ஆகிறது?

இன்னொரு கேள்வி: நூலுக்குப் பதில் அகலமான நாடாவைக் கட்டினால் அட்டையின் விளிம்பு குறைவாகவே வெட்டுப்படும். ஏன்?