யவனர் சாடியும் பாலாற்றங்கரை ஓடுகளும்

கிணறு வெட்டும்போதும் உழும்போதும் அகப்படும் ஓட்டுத் துண்டுகளை வரப்போரம் எறிந்துவிடுதல் நம் அங்கத்தினர் வழக்கம். திருப்புட்குழிக்குத் தெற்கே ஓடும் பாலாறு கடலோடு கலக்கும் இடத்தருகே, கல்பாக்கத்தை அடுத்த வசவசமுத்திரத்தில், 1970ஐ ஒட்டித் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, அத்தகைய துண்டுகளே கடல்கடந்த வாணிகத்துக்குச் சான்றாயின. யவனர் மது கொணர்ந்த சாடிகளின் உடைசல்களும் அவற்றுள் இருந்தன.

‘ஆம்போரா’ எனப்படும் அச்சாடிக்குக் குறுகிய கழுத்து, இருபுறமும் பிடி, கூரிய அடி. தரையில் நில்லாத பாத்திரத்தை வனைவானேன்? கப்பலின் அடித்தளத்தில் சாடிகளின் தோள்களுக்கிடையே மேல்வரிசைச் சாடியின் முனையைச் செருகி அடுக்கலாம், மணலில் ஊன்றலாம், சாய்த்து ஊற்றுகையில் முனையே மூன்றாம் பிடியாகும். உரோமரின் அளவுச் சாடி ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். சுட்ட மண்ணோ நுண்துளை உடையது. நம் பானை நீரைக் குளிர்விப்பது அக்கசிவினாலன்றோ? தண்ணீருக்கு நன்மையான அது மதுவுக்கு நட்டம். ஆதலின் உட்புறம் பைன் மரக் கீல் பூசினர். இடைக்கால இங்கிலாந்தில் வழிச்செல்வோர் தோளில் தொங்கவிட்ட, கயிறு கோக்கக் காது வைத்த மட்குடுவை ஒருவன் தாகத்துக்கு உரியது. இச்சாடியோ வாணிகச் சரக்குக்கு உரியது.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோதும் இவை கிடைத்தன. 1989 முதல் 1992 வரை அங்கு மீண்டும் அகழாய்வு நடைபெற்றது. சாடித் துண்டுகளை ஆராய்ந்ததில், மதுவேயன்றி ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் வந்தமை புலனாயிற்று. பிறந்த ஊரை மண்ணே சொல்லும்: இத்தாலியின் நேப்பிள்ஸ் வட்டாரச் சாடியில் எரிமலைக் கருமணல் கலந்திருக்கும்.

அறிஞரும் பிழைத்ததுண்டு. இந்தியாவில் உரோமச் சாடி என நெடுநாள் எண்ணப்பட்ட துண்டுகள் பல, மெசபொத்தேமியா, பாரசீக வளைகுடாப் பக்கத்துச் சாடிகள் என்று பின்னர்த் தெளிந்தனர். அவற்றுக்குப் பிடி இல்லை; உட்பூச்சும் மரக்கீலன்று, கரிய நிலக்கீல். காஞ்சிப் பகுதியின் பிடியற்ற கூம்படிச் சாடிகளுள் பலவற்றை உள்ளூர்க் குயவர் வனைந்தனவாகவே கருதுவர். வடிவம் ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறியதால் வந்த பிழை இது.

ஆதலின் பிடியோ கூர் அடியோ கருமைப் பூச்சோ உள்ள துண்டு உங்கள் நிலத்தில் அகப்படின், எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்பதைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலர் வாயிலாகத் தொல்லியல் துறைக்கு அறிவியுங்கள். உட்புறத்தைச் சாம்பலிட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; ஆராய்வோர் தேடுவது அப்பூச்சையே.